அமாவாசைக்கு வராத மாணவி

ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. நான் என்னவோ இதில் கரை கண்டவள் மாதிரி. எந்த மைக் வாங்கலாம், எழுதுகிற பலகை எது நல்லது, எந்த நெட் போடலாம் என்றுதான் முக்கால்வாசிப் பேர் ஆரம்பிப்பார்கள். அதற்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், வெளிச்சம் முகத்தில் விழட்டும் என்பேன். எழுதும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள், எழுதி முடித்துவிட்டு முகத்தைத் திருப்பி அப்புறம் பேசுங்கள் என்பேன். கையை வாய்க்குக் கொண்டுபோகாதீர்கள். 'புரிஞ்சுதா' என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள், எல்லாப் பிள்ளையும் புரிந்தது என்றுதான் சொல்லும். நீங்கள் சொன்னதை அதன் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இவ்வளவுதானா என்று அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். ஒரு பையன் என் முகத்துக்கு நேராகவே, "இது போட்டோ ஸ்டுடியோக்காரன் சொல்ற மாதிரி இருக்குதுங்க" என்றான்.

சொல்லிவிட்டுப் போகட்டும். இதில் ஒன்றைக்கூட நான் பயிற்சி வகுப்பில் படிக்கவில்லை. எல்லாம் ஒரு பெண்ணிடம் பயந்து பயந்து கற்றுக்கொண்டவை.

எனக்குத் திருச்செங்கோடு. இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவள், நிர்வாகத்தோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தேன். என் வாய் அப்படி. வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு, எங்கள் பேச்சில் போர், போடப் போகிறவர். வடக்கே போனால் மழைக்காலத்துக்குத்தான் திரும்புவார். ஆக, தெருக்கோடியில் ஒரு வீடு, அதில் நான், ஒரு லேப்டாப். சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு. ராசிபுரம், நாமக்கல், சங்ககிரி என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து திரையில் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். தனியாக இருக்கிறாயே, பயமில்லையா என்று கேட்டவர்களை எல்லாம் நான் கிண்டல் செய்துதான் அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணைச் சேர்க்க அவளுடைய அம்மாதான் போன் செய்தார். எடப்பாடிப் பக்கம், விசைத்தறிக் குடும்பம். பேச்சுக்குப் பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறி நின்று அவர் கத்தினார்.

"டீச்சருங்களா? என்ற புள்ள நல்லாப் படிச்சிட்டிருந்தவதானுங்க. இப்ப கணக்குல பெயிலாயிட்டே வாரா. பள்ளிக்கூடத்துல கூப்ட்டாத் திரும்பிப் பாக்கறதில்லைன்னு சொல்றாங்க. திமிருங்கறாங்க. அவிய அப்பா, படிச்சது போதும், தறியில நிக்கட்டும்ங்கறாரு. இந்த வருசம் பாசாயிட்டான்னா மேல படிக்க வெச்சிருவனுங்க. நீங்கதான் பாத்துக்கோணும்."

கேமரா உடைந்த போன், மைக்கைத் திறந்தால் தறிச் சத்தம்தான் வரும், அதனால் அவள் எழுதித்தான் பதில் சொல்வாள் என்றார். சரி என்றேன். வைக்கப் போகும்போது ஒன்று சொன்னார்.

"அமாவாசையன்னிக்கு மட்டும் அவ வரமாட்டாங்க."

"ஏன், விரதமா?"

"அன்னிக்கு அவ அவளா இருக்கமாட்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அதை யோசிக்கவில்லை. படிக்காமல் இருப்பதற்குப் பெற்றவர்கள் சொல்லித்தரும் சாக்குகளின் பட்டியல் என்னிடம் நிறைய உண்டு. அதில் இது புதுசு, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் வந்தாள். திரையின் மூலையில் ஒரு கறுப்புக் கட்டம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு புள்ளி. பிள்ளைகள் இப்படிக் கோணங்கித்தனம் செய்வது வழக்கம்தான். பெயரைப் போடு என்று சொன்னேன், அவள் போடவில்லை. நானும் அவளைப் புள்ளி என்றே கூப்பிட ஆரம்பித்தேன். ஒருமுறை தவறுதலாக அவளுடைய மைக் திறந்துகொண்டது. டடக் டடக் என்று தறிச் சத்தம் வகுப்பையே மூடிவிட்டது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதை நானே அணைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கட்டத்திலிருந்து சத்தமே வந்ததில்லை. சாட்டில் எழுத்து மட்டும் வரும், அதுவும் சரியாக இருக்கும். இவளா பெயிலாகிறாள் என்று எனக்கு ஆச்சரியம்.

ஒருநாள் முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்தேன். பலகையில் ஒரு முக்கோணம் மட்டும் போட்டிருந்தேன். உற்சாகம் வந்துவிட்டால் நான் பாடத்தை விட்டு எங்கெங்கோ போவேன். அன்றைக்கும் போனேன். போர்க்குழிக்குள் பைப்பு இறக்குகிறார்கள், ஒரு பைப்பு இருபது அடி, ஐந்நூறு அடி போக வேண்டுமானால் எத்தனை பைப்பு வேண்டும் என்று கேட்டுவிட்டு சாட்டைப் பார்த்தேன். 'மிஸ் கேக்கல', 'மிஸ் மியூட்ல இருக்கீங்க', 'மிஸ் மிஸ் மிஸ்' என்று வரிசையாக வந்து குவிந்திருந்தது. நான் மைக்கைத் திறக்காமலே இவ்வளவு நேரம் கத்தியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்தக் குவியலுக்கு நடுவில் புள்ளியிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது. '25 பைப்பு மிஸ்.'

கீழே மற்றப் பிள்ளைகள், 'என்ன பைப்பு?' என்று கேட்டிருந்தார்கள்.

நான் மைக்கின் அடையாளத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சிவப்புக் கோடு போட்டு அணைந்துதான் இருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் கேட்கவில்லை. பலகையில் பைப்பு என்ற சொல்லே இல்லை. நெட் அவளுக்கு மட்டும் ஏதோ வழியாகப் போயிருக்கும் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். கணக்கு டீச்சர் சொல்கிற விளக்கம் இல்லை அது.

சில நாள் கழித்து, பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கணக்குக் கொடுத்துவிட்டு, மைக்கைக் கவனமாக அணைத்துவிட்டு டீயை எடுத்தேன். ஆறிப்போயிருந்தது. 'சனியன், இந்த வீட்ல சூடா ஒரு டீ குடிக்க நாதியில்ல' என்று முணுமுணுத்தேன். எனக்கே சரியாகக் கேட்டிருக்காது. எனக்கு மட்டும் வருகிற மாதிரி தனியாக ஒரு செய்தி வந்தது. புள்ளிதான்.

'போய்ச் சூடு பண்ணிக்குங்க மிஸ். நாங்க கணக்குப் போட்டுட்டு இருக்கோம்.'

டீ மேசையில் சிந்தியது. எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் தாழ் போட்டேன், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். எதைத் தேடினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அந்தக் கறுப்புக் கட்டம் அங்கேயே இருந்தது. அதன் நடுவில் புள்ளி.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாயங்காலப் பால் கொண்டுவரும் அக்கா வாசல் வரைக்கும் வந்து கூப்பிடுவார். அன்றைக்கு நான் இரண்டு காதையும் அடைத்து ஹெட்போன் போட்டிருந்தேன். வாசல் என் முதுகுக்குப் பின்னால். சாட்டில் புள்ளி எழுதினாள்: 'மிஸ் உங்க பின்னாடி ஒருத்தங்க நிக்கறாங்க. ரொம்ப நேரமா பாலு பாலுன்னு சொல்றாங்க.'

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. முதுகு முழுக்கச் சில்லிட்டுப்போயிருந்தது. பிறகு ஹெட்போனைக் கழற்றினேன். "ஏனுங்க, எத்தன தடவ கூப்படறது, பாலு வேணுமா வேண்டாமா?" என்ற குரல் கேட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. பக்கத்தில் இருக்கிற எனக்குக் கேட்காத குரல், சங்ககிரி மலைக்கு அந்தாண்டை எங்கோ இருக்கிற பிள்ளைக்கு எப்படிக் கேட்டது?

வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் சிரித்தார். "பேய்க்குக் கணக்கு வருதா? அப்படின்னா நம்ம ரிக்குக்கு அனுப்பி வை. எங்க தண்ணி இருக்குன்னு காதுல சொல்லும். ரெண்டு நாளா இங்க குழியில தண்ணி வராம வெறும் புகைதான் வருது."

"நான் பயந்து சாகறேன், உங்களுக்குக் கிண்டல்."

"யாராச்சும் உன்ற லேப்டாப்புக்குள்ள பூந்திருப்பாங்க. கேமராவ மூடி வெச்சுப் பாரு."

அந்த மனிதர் விளையாட்டாகச் சொன்னதுதான். நான் மறுநாள் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து லேப்டாப்பின் கேமராவின் மேல் ஒட்டிவிட்டேன். கேமரா கோளாறு, குரலை மட்டும் கேளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மைக்கைத் திறந்து வைத்துத்தான் பாடம் நடத்தினேன். எல்லாரும் பதில் எழுதினார்கள். புள்ளி மட்டும் எழுதவில்லை. பெயரைச் சொல்லிக் கேட்டேன், அதாவது புள்ளி என்று சொல்லி. அதட்டினேன். அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்றேன். கட்டம் அசையாமல் இருந்தது. வகுப்பு முடியப் போகிற நேரத்தில் நகத்தால் சுரண்டிப் பொட்டை எடுத்தேன். என் முகம் திரையில் வந்ததுமே எழுதினாள்.

'மிஸ் வந்துட்டீங்களா? இவ்வளவு நேரம் எங்க போயிருந்தீங்க?'

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் வருகிற அழுகை. நான் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருந்தேன், பேசிக்கொண்டுதான் இருந்தேன். என்னைப் பார்த்தால்தான் இருக்கிறேன் என்கிறது அது. பார்க்கவில்லை என்றால் நான் இல்லை. அந்தப் பொட்டை மறுபடி நெற்றியில் வைத்துக்கொள்ள மனசு வராமல் குப்பையில் போட்டேன்.

அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். விளக்கு என் முதுகுப் பக்கம் இருந்து முகம் இருண்டால், 'மிஸ் ஒண்ணும் தெரியல' என்பாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பேசினால் பதில் வராது. பலகையை மட்டும் காட்டினால், 'மிஸ் போயிட்டீங்க' என்பாள். தினமும் அவளுக்குத் தோதாக நான் என்னை மாற்றிக்கொண்டே வந்தேன். மேசையைத் திருப்பிப் போட்டு ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்தேன். அன்பினால் இல்லை. அவள் அப்படி எழுதிவிடக் கூடாதே என்ற பயத்தினால். வேடிக்கை என்னவென்றால் வகுப்பு மொத்தமும் நன்றாகப் படிக்க ஆரம்பித்தது. புள்ளியின் மதிப்பெண் எல்லாருக்கும் மேலே போனது.

அமாவாசை வந்தால் மட்டும் அந்தக் கட்டம் இருக்காது. அன்றைக்கெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இருக்காது. அன்றைக்கு அவள் யாராக இருக்கிறாள் என்ற நினைப்பே ஓடிக்கொண்டிருக்கும்.

பொதுத்தேர்வுக்கு முன்னால் வந்த ஒரு அமாவாசைக்கு முந்தின நாள் அவள் அம்மா கூப்பிட்டார். அழுதிருக்கிறார் என்று குரலே சொன்னது.

"இன்னியோட நிறுத்திக்கறமுங்க டீச்சர். பள்ளிக்கூடமும் வேண்டாம்னு சொல்லிட்டாரு அவரு. பரிச்சையும் வேண்டாமுங்க."

"நல்லாப் படிக்கிற பிள்ளையை ஏங்க நிறுத்தறீங்க?" நான் கத்திவிட்டேன்.

"படிப்பு இல்லீங்க. அவளுக்குக் காத்து புடிச்சிருக்குதுங்க. அமாவாசைக்கு அமாவாசை வந்து எறங்குது. மத்த நாளெல்லாம் பேசறா, சிரிக்கறா, சொன்ன வேலையச் செய்யறா. அமாவாசையன்னிக்குக் கூப்ட்டாத் திரும்பறதில்ல. கத்திக் கூப்ட்டாலும் செவுத்தப் பாத்துட்டே உக்காந்திருக்கா. நாம பேசிட்டிருந்தா மொறைக்கறா. போன அமாவாசைக்கு அவிய அத்தையக் கடிக்கப் போயிட்டாளுங்க. காவேரிக் கரையில ஒருத்தரு இருக்காரு, நாளைக்குப் பொழுதோட வரச் சொல்லியிருக்காரு. உச்சிமுடிய மரத்துல வெச்சு ஆணி அடிச்சாத்தான் போகும்ங்கறாரு. வண்டி சொல்லியாச்சு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் போலீசுக்குப் போவேன் என்று குதித்திருப்பேன். அன்றைக்கு நான் குதிக்கவில்லை. ஏனென்றால் அந்த அம்மா சொன்னதை என்னில் பாதி நம்பியது. பைப்புக் கணக்கும் டீயும் பால்கார அக்காவும் என் கண் முன்னால் வந்து நின்றார்கள். ஆனால் முடியைப் பிடித்து ஆணி அடிக்க விட முடியாது. அது எதுவாக இருந்தாலும், எனக்கு டீ சூடு பண்ணிக்கொள்ளச் சொன்னது அது.

"நாளைக்கு நான் வந்து அவளைப் பார்க்கலாமா? வண்டி வர்றதுக்குள்ள வந்துடறேன்."

"வாங்க. பயந்துக்காம வாங்க" என்றார்.

சங்ககிரியில் பஸ் மாறி எடப்பாடிக்குப் போனேன். அந்தப் பக்கத்துத் தெருக்களில் நுழைந்தால் எப்போதும் காதில் தறிதான் விழும். தரையே அதிரும். செருப்புக் காலில் அது தெரியும். அன்றைக்கு ஒன்றும் இல்லை. அமாவாசைக்குத் தறியை ஓட்டுவதில்லை என்பது அந்தத் தெருவில் பழக்கம். தறிக்குப் பூ வைத்து, பொட்டு வைத்து, நிறுத்திவிடுவார்கள். உச்சிவெயிலில் தெரு முழுக்க அப்படியொரு அமைதி. ஏதோ சாவு விழுந்த தெருவுக்குள் வந்துவிட்டது மாதிரி எனக்கு நடையே தளர்ந்தது.

வீடு என்றால் முன்னால் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, மீதி முழுக்கத் தறிக்கூடம். அவள் அப்பா வாசலுக்கு வந்தார். ஒல்லியான மனிதர். தறி ஓடாத நாளிலும் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வாங்க டீச்சர். வெயில்ல வந்திருக்கீங்க. உக்காருங்க, கலர் வாங்கியாரச் சொல்றேன்" என்று ஊருக்கே கேட்கிற குரலில் கத்தினார். பிறகு சமையல்கட்டு வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். அவருடைய உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. அந்த அம்மாவின் உதடுகளும் அசைந்தன. அதிலும் சத்தம் இல்லை. இவர் தலையை ஆட்டினார். அந்த அம்மா உள்ளே போய் நாற்காலி எடுத்து வந்தார்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டதோ என்று பயந்துபோனேன். வெளியே காக்கை கத்துவது நன்றாகக் கேட்டது. காது சரியாகத்தான் இருக்கிறது. இவர்கள்தான் குரல் இல்லாமல் பேசிக்கொள்கிறார்கள். என் கண்ணெதிரே, பட்டப்பகலில். போட்ட நாற்காலியில் உட்காராமல் அப்படியே நின்றேன்.

"என்ன பேசிக்கிட்டீங்க இப்ப?" என்று கேட்டேன்.

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "டீச்சருக்கு சேர் போடுன்னு சொன்னனுங்க. தறிக்காரங்க பழக்கமுங்க. தறி ஓடறப்பக் கத்துனா எவனுக்குக் கேக்குது? வாயப் பாத்தே பேசிக்குவோம். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பேசுவோம். கொழந்தைங்களும் அப்படித்தான் பழகிக்கும். தறி நின்னாலும் அந்தப் பழக்கம் சட்டுனு போகாதுங்க."

எனக்குள் ஏதோ இடம் மாறி விழுந்தது. நேராகத் தறிக்கூடத்துக்குள் போனேன்.

அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நின்றிருந்த தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு உள்ளங்கை தறியின் மரச்சட்டத்தின் மேல் இருந்தது. அது ஓட ஆரம்பிக்கும் என்று எதிர்பார்த்து இருக்கிறவள் மாதிரி அதைத் தடவிக்கொண்டிருந்தாள். அம்மா என் காதருகில் வந்து, "பாருங்க, காலையிலருந்து இப்படித்தான்" என்றார். பிறகு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். முதுகு அசையவில்லை. அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சமையல்கட்டிலிருந்து பெரிய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை எடுத்து வந்தேன். அவளுக்குப் பின்னால் நின்று சிமெண்ட் தரையில் போட்டேன். அந்த அமைதியில் அது இடி விழுந்த மாதிரி இருந்தது. அப்பா துள்ளி விழுந்தார். அம்மா வீறிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். அவள் மட்டும் மெதுவாகத் தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்த்தாள். தரை அதிர்ந்தது ஏன் என்று உள்ளங்கையைச் சிமெண்டில் வைத்துப் பார்த்தாள்.

நான் சுற்றிப்போய் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவளை முதல் தடவையாகப் பார்க்கிறேன். அவளோ என்னைத் தினமும் பார்த்தவள். முகம் மலர்ந்துவிட்டது. நான் குரல் இல்லாமல், வாயை மட்டும் அசைத்துக் கேட்டேன்: ஒரு பைப்பு இருபது அடி, ஆயிரம் அடிக்கு எத்தனை பைப்பு?

"அம்பது மிஸ்!"

அதுதான் நான் கேட்ட அவளுடைய முதல் குரல். ஓடுகிற தறிக்கு மேலே கேட்க வேண்டும் என்று பழகிய குரல். ஏற்ற இறக்கம் இல்லாமல், கூடம் முழுக்க மோதி, தெருவுக்குப் போனது. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. பயம் போன பிறகும் உடம்பு அதை விடவில்லை.

"உங்க பிள்ளைக்குக் காத்து கருப்பு ஒண்ணும் இல்லைங்க. காது கேட்கலை" என்றேன்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னங்க டீச்சர் பேசறீங்க? தறி ஓடறப்ப நல்லாக் கேக்குதே அவளுக்கு! சொன்னதெல்லாம் செய்யறாளே!"

"தறி ஓடறப்ப உங்களுக்கு மட்டும் என்னங்க கேட்குது?"

நாலு தறி ஓடுகிற வீட்டில் எல்லாரும் செவிடுதான். எல்லாரும் முகத்தைப் பார்த்துத்தான் பேசியாக வேண்டும். கரண்ட் போய்த் தறி நின்றால் அத்தனை பேரும் அங்கங்கே விழுந்து தூங்கிவிடுவார்கள். மாதத்தில் ஒருநாள், தறி நிற்கிற அமாவாசையன்றுதான், அந்த வீட்டு மனிதர்கள் மற்ற ஊர்க்காரர்களைப் போல ஆகிறார்கள். இந்த அறையிலிருந்து அந்த அறைக்குக் குரல் கொடுக்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு மட்டும் அவளுடைய காது வெளியே தெரிந்திருக்கிறது. அதைத்தான் பேய் என்று நினைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுகிறவர்கள் அதைத் திமிர் என்றார்கள். நான் மட்டும் என்ன, கணக்குப் படித்தவள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

அப்பா எழுந்து அவளுக்குப் பின்னால் போனார். அவள் பெயரைச் சொன்னார். மெதுவாகச் சொன்னார், பிறகு சத்தமாக, பிறகு அந்த ஊர்க் குரலில் கத்தி. கடைசியில், "சாமி, என்ற சாமி, திரும்பு சாமி" என்று கெஞ்சினார். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அடுத்து என்ன கணக்குச் சொல்வேன் என்று. அவர் அப்படியே தறியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மாதான் ஓடிவந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "ஏஞ்சாமி எங்ககிட்டச் சொல்லல? காது கேக்கலைன்னு ஏன் சொல்லல?"

அவளுக்கு அந்தக் கேள்வி விளங்கவே இல்லை. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்களுக்கு என்ன ஆகிவிட்டது என்று பயப்படுகிற பார்வை அது. பிறகு அந்தப் பெரிய குரலில் சொன்னாள்:

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. நீங்கதான் அமாவாசையன்னிக்கு ஒரு மாதிரி ஆயிடறீங்க. யாரும் எம்மூஞ்சியப் பாத்துப் பேசறதில்ல. பின்னாடி பின்னாடி வந்து நிக்கறீங்க. திரும்பிப் பாத்தா எல்லாரும் என்னையே பாத்துட்டு இருக்கீங்க. எனக்குப் பயமா இருக்குதும்மா."

அத்தனை அமாவாசையும் பின்னால் நின்று கூப்பிட்டது அவளுக்குக் கேட்டிருக்காது என்பது அப்போதுதான் அங்கே எல்லாருக்கும் உறைத்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் வண்டி வந்தது. ஹாரன் அடித்தது. அப்பா வெளியே போய் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார். அந்த வாரமே சேலத்தில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். சின்ன வயசில் வந்த காய்ச்சலா, பிறந்ததிலிருந்து கேட்ட தறிச் சத்தமா, எதனால் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது என்றாராம். காதுக்கு மெஷின் மாட்டினார்கள். அவள் தேர்வு எழுதினாள். இப்போது பிளஸ் ஒன் கணக்குக்கும் என்னிடம்தான் வருகிறாள். மெஷின் போட்டாலும் எல்லாம் கேட்டுவிடுவதில்லை. அதனால் நான் இன்னும் ஜன்னலைப் பார்த்துத்தான் உட்காருகிறேன்.

நான் எடப்பாடி போய் வந்ததற்கு அடுத்த அமாவாசையன்று வகுப்பே வைக்கக் கூடாது என்று இருந்தேன். ஏதோ தயக்கம். பிறகு வைத்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக மூலையில் அந்தக் கறுப்புக் கட்டம் வந்தது. பழைய போன்தான், அதே புள்ளி. பழக்கதோஷத்தில் எனக்கு முதுகு ஒருமுறை சில்லிட்டு அடங்கியது.

'இன்னிக்கு அமாவாசை மிஸ்' என்று எனக்கு மட்டும் எழுதினாள். 'தறி நிக்குது. ஆனா எங்கூட்ல எல்லாரும் எங்கிட்டப் பேசறாங்க.'

நான் மைக்கை அணைத்துவிட்டு, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஆரம்பிக்கலாமா என்று அவளிடம் மட்டும் வாயசைத்துக் கேட்டேன்.